தாள் பாலிமர் ஏன் கசங்குவதில்லை?

கேள்வியைச் சுருக்கமாக எடுத்து வைத்துவிடுகிறேன். மூலக்கூறுகளை மணிகள் போல ஒரே வரிசையாகக் கோத்த சங்கிலி பாலிமர் கரைசலில் நூல்பந்து மாதிரி சுருண்டு கிடக்கும் என்று எம்.எஸ்சி. வகுப்பில் படித்திருக்கிறீர்கள். அதே மணிகளை ஒரே வரிசையாகக் கோக்காமல் இரண்டு திசையிலும் பின்னித் தாளாக்கிவிட்டால், அதுவும் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி ஆகிவிடுமா? இதைக் கணினியில் சிமுலேஷன் செய்து பார்க்க எங்கே ஆரம்பிப்பது? இவைதான் நீங்கள் கேட்டவை.

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: ஆகாது. தாள் பாலிமர் தட்டையாகவே இருக்கும், நெளிந்து நெளிந்து, ஆனால் ஒட்டுமொத்தமாகத் தட்டையாக. இன்னும் விசித்திரம், அதைத் தட்டையாக வைத்திருப்பதில் வெப்பத்துக்கே பெரிய பங்கு இருக்கிறது. சங்கிலியைக் கசக்குவதும் வெப்பம்தான், தாளை விறைப்பாக்குவதும் அதே வெப்பம்தான். இதை முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை, அதனால் நீங்களும் நம்ப வேண்டாம், கூடவே வாருங்கள்.

முதலில் மிக எளிய மாதிரியை எடுத்துக்கொள்வோம். மணிகள், அவற்றுக்கு இடையே ஸ்பிரிங்குகள், அவ்வளவுதான். மணிகள் ஒன்றை ஒன்று ஊடுருவலாம், தடையே இல்லை. இதை ஆவித் தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், சுவருக்குள் புகுந்து வெளியே வரும் ஆவி மாதிரி தன் உடம்புக்குள்ளேயே புகுந்து போகக்கூடியது. இதன் அளவைக் கணக்கிட ஒரு அழகான குறுக்குவழி இருக்கிறது, ஏனோ பல பாடப்புத்தகங்களில் இது வருவதில்லை. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் பதிலாக ஒரு ஓம் மின்தடையைப் போடுங்கள். எந்த இரண்டு மணிகளுக்கு இடையிலும் உள்ள தூரத்தின் வர்க்கச் சராசரி, அந்த இரண்டு முனைகளுக்கு இடையே மல்ட்டிமீட்டர் காட்டும் மின்தடைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தோராயம் இல்லை, துல்லியமான சமன்பாடு.

இப்போது சங்கிலியைப் பாருங்கள். ஆயிரம் மின்தடைகள் வரிசையாக: 1000 ஓம். அதனால் தூரம், ஒரு தனி ஸ்பிரிங்கின் சராசரி நீளத்தைப் போல ஆயிரத்தின் வர்க்கமூலம் மடங்கு, அதாவது ஏறக்குறைய 32 மடங்கு. நீங்கள் படித்த குருட்டு நடை, அதாவது ஒவ்வொரு அடியையும் தோன்றிய திசையில் வைக்கிற நடை, இதுதான். அடுத்து முடிவில்லாத சதுர வலையை எடுத்து, ஒரே வரிசையில் ஆயிரம் கட்டம் தள்ளி இருக்கிற இரண்டு முனைகளுக்கு இடையே அளந்தால் எவ்வளவு வரும்? வெறும் 2.7 ஓம். மின்னோட்டத்துக்கு எத்தனையோ வழிகள் இருப்பதால் தடை மடக்கை அளவில்தான் ஏறுகிறது. வர்க்கமூலம் எடுத்தால் 1.6 மடங்கு. யோசித்துப் பாருங்கள், வலையில் ஆயிரம் கண்ணி தள்ளி இருக்கிற மணி, வெளியில் ஒன்றரை ஸ்பிரிங் நீள தூரத்தில் கிடக்கிறது! பத்து லட்சம் மணிகள் கொண்ட தாள், ஒரு சிட்டிகைக்குள் அடங்கிவிடுகிறது.

நிஜத்தில் இது நடக்காது என்று சொல்லத் தேவையில்லை, அத்தனை மணிகளுக்கு அங்கே இடம் ஏது? ஆகவே சங்கிலியில் ஒரு சிறு திருத்தமாக வருகிற 'ஒன்றை ஒன்று ஊடுருவக் கூடாது' என்ற நிபந்தனை, தாளில் விஷயத்தையே தீர்மானிக்கிற ஒன்றாகிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1986-ல் காண்டர், கார்டார், நெல்சன் மூவரும் இந்த நிபந்தனையைச் சேர்த்து, பாலிமர் வேதியியலாளர் ஃப்ளோரி சங்கிலிக்குச் செய்த அதே வாதத்தைத் தாளுக்குச் செய்தார்கள். உங்களுக்கே தெரிந்த வாதம்: இழுபடும்போது ஆகிற செலவு ஒரு பக்கம், மணிகள் நெருக்கியடிக்கும்போது ஆகிற செலவு மறுபக்கம், இரண்டின் கூட்டுத்தொகை குறைவாக இருக்கும் அளவே அந்தப் பாலிமரின் அளவு. சங்கிலியில் இழுவைச் செலவு, ஆரத்தின் வர்க்கத்தை மணிகளின் எண்ணிக்கையால் வகுத்தது. தாளில் பக்கவாட்டில் எத்தனையோ சங்கிலிகள் இணையாக இருப்பதால் அந்த வகுத்தல் அடிபட்டுப்போய் வெறும் ஆரத்தின் வர்க்கமே மிஞ்சும். நெரிசல் செலவு, மணிகளின் எண்ணிக்கையின் வர்க்கம் கீழ் கனஅளவு, அதாவது நீளத்தின் நாலாம் அடுக்கு கீழ் ஆரத்தின் மூன்றாம் அடுக்கு. இரண்டையும் சமன் செய்தால் ஆரத்தின் ஐந்தாம் அடுக்கு, நீளத்தின் நாலாம் அடுக்கு போல ஏறுகிறது. ஆக ஆரம், நீளத்தின் 0.8 அடுக்கு. பின்னப் பரிமாணம், அதாவது எடை ஆரத்தின் எத்தனையாவது அடுக்காக ஏறுகிறது என்பது, 2.5.

இந்த 2.5-க்கு ஒரு கவர்ச்சி இருந்தது. காகிதத்தைக் கையால் கசக்கிப் பந்தாக்கி, வேறு வேறு அளவுத் தாள்களில் செய்து, எடைக்கும் விட்டத்துக்கும் வரைபடம் போட்டால் வருவதும் ஏறக்குறைய 2.5-தான். வீட்டிலேயே செய்து பார்க்கலாம், பழைய செய்தித்தாளும் ஒரு அளவுகோலும் போதும். ஆனால் இது என் பார்வையில் எல்லோரையும் கொஞ்ச காலம் தவறான பக்கம் சாய்த்துவிட்ட ஒற்றுமை. கையால் கசக்கிய காகிதம் வெப்பச் சமநிலையில் இல்லை. அதில் விழுந்த மடிப்புகள் நிரந்தரமானவை, நீங்கள் விட்டால் அது தானாக விரிந்து மறுபடி கசங்குவதில்லை. ஏ4 தாளை வளைக்க ஆகிற ஆற்றலோடு ஒப்பிட்டால் அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் அதில் பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. காகிதத்துக்கு வெப்பம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

சரி, சிமுலேஷன் என்ன சொன்னது? அந்த மூவரும் 1986-ல் செய்த மாண்டி கார்லோ கணக்கு (மணிகளைத் தற்செயலாக நகர்த்திப் பார்க்கும் சிமுலேஷன்) 0.8-க்கு ஒத்துவருவதாகத்தான் தெரிந்தது. தாள்கள் மிகச் சிறியவை, அன்றைய கணினிக்கு அதுவே பெரிது. 1988-ல் பிளிஷ்கேயும் போலும் இன்னும் பெரிய தாள்களை எடுத்து, ஆரத்தை மட்டும் பார்க்காமல் தாளின் வடிவத்தையும் பார்த்தார்கள். மூன்று அச்சுகளில் இரண்டில் தாள் தன் நீளத்துக்கு நேர்விகிதமாக வளர்கிறது, மூன்றாவதில் மட்டும் மெதுவாக வளர்கிறது. அதாவது தட்டை. அடுத்த ஆண்டு ஆபிரகாம், ரட்ஜ், பிளிஷ்கே மணிகளை நியூட்டன் விதிப்படி நகர்த்தும் மூலக்கூறு இயக்கவியல் முறையில் வேறு வழியாகப் போனார்கள், அதே தட்டை. மணிகளுக்கு வளைவிறைப்பு என்று எதையும் தனியாகக் கொடுக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வெறும் மணி, வெறும் கட்டு. பின் எங்கிருந்து வந்தது இந்த விறைப்பு?

1990-ல் ஆபிரகாமும் நெல்சனும் கொடுத்த விளக்கம் எளிமையானது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முக்கோணங்கள் ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பக்கத்தை கீலாக வைத்துப் புத்தகம் மூடுவது போல மடக்கினால், எதிரெதிர் முனைகளில் இருக்கிற இரண்டு மணிகளும் முட்டிக்கொள்ளும். முழுக்க மூட முடியாது. அந்த இரண்டுக்கும் இருக்கும் கொஞ்ச இடத்தை எண்ணிப் பார்த்தால், விரிந்த நிலைக்கு வாய்ப்புகள் அதிகம், மூடிய நிலைக்குக் குறைவு. இது என்ட்ரோபியால், அதாவது வாய்ப்புகளின் எண்ணிக்கையால், வரும் வளைவிறைப்பு. நாம் கொடுக்காவிட்டாலும் மணியின் பருமனே கொடுத்துவிடுகிறது. அப்படியானால் மணியே இல்லாமல், முக்கோணத் தகடுகள் மட்டும் ஒன்றை ஒன்று வெட்டக் கூடாது என்று வைத்துப் பார்ப்போமே என்று சிலர் முயன்றார்கள். சிறிய அளவுகளில் அது கசங்கியதாகத் தெரிந்து கொஞ்ச நாள் சர்ச்சை ஓடியது, பெரிய அளவுகளில் அதுவும் தட்டையாகவே வந்தது.

ஆனால் ஒரு சின்ன உள்ளூர் விறைப்பு எப்படி ஆயிரம் மணி நீளமுள்ள தாளைத் தட்டையாக வைத்திருக்கும்? சங்கிலிக்கும் உள்ளூர் விறைப்பு கொடுக்கலாம், அது கொஞ்ச தூரம் நேராக இருந்துவிட்டு அப்புறம் சுருண்டுதான் போகும். இங்கேதான் தாளின் தனித்தன்மை வருகிறது, இதற்காகத்தான் நான் இந்த விஷயத்தில் இத்தனை வருடம் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு காகிதத்தை எடுத்து ஒரு ஓரத்தைப் பிடித்து நீட்டுங்கள். மறு ஓரம் தொங்கும். இப்போது பிடித்த ஓரத்தைக் கொஞ்சம் குழிவாக, தண்ணீர் வடியும் ஓடு மாதிரி வளையுங்கள். சட்டென்று நிமிர்ந்து நிற்கும். தகரக் கூரையில் நெளிவு வைத்திருப்பதும் இதற்காகத்தான், தட்டைத் தகரம் காற்றில் படபடக்கும், நெளித்த தகரம் மேலே ஆள் ஏறினாலும் தாங்கும். காரணம் வடிவியல். ஒரு தாளை உருளையாகச் சுருட்டலாம், ஆனால் ஒரே இடத்தில் இரண்டு திசையிலும் வளைக்க வேண்டும் என்றால் அதை இழுத்தாக வேண்டும் அல்லது சுருக்கியாக வேண்டும். பந்தைப் பரிசுத்தாளில் சுற்றிக் கொடுக்க முயன்றவர்களுக்குத் தெரியும். இழுப்பது வளைப்பதைவிட மிகவும் செலவான காரியம், அதனால் தாள் அதைத் தவிர்க்கப் பார்க்கிறது.

வெப்பம் தாளை எல்லாத் திசையிலும், எல்லா அளவிலும் நெளித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு நெளிவும் ஒரு தகரக் கூரை மடிப்பு மாதிரி. சிறு நெளிவுகள் சேர்ந்து பெரிய வளைவை எதிர்க்கின்றன. தாள் பெரிதாகப் பெரிதாக அதில் நெளிவுகளும் அதிகம், எனவே பெரிய அளவில் பார்க்கும்போது வளைவிறைப்பும் அதிகம். இதை 1987-ல் நெல்சனும் பெலிட்டியும் கணக்காக எழுதினார்கள்: விறைப்பு என்பது ஒரு மாறிலி இல்லை, நீளத்தின் ஈட்டா (η) அடுக்காக வளர்கிற ஒன்று. அவர்கள் போட்ட முதல் தோராயத்தில் ஈட்டா 1 என்று வந்தது. 1992-ல் ல தூஸாலும் ராட்ஸிஹோவ்ஸ்கியும் செய்த தன்னிசைவுக் கணக்கில் (விடையையே மறுபடி கணக்குக்குள் போட்டு இரண்டும் ஒத்துவரச் செய்வது) 0.821. சிமுலேஷன்கள் பெரும்பாலும் இதன் அக்கம்பக்கத்தில்தான் சுற்றுகின்றன. இதிலிருந்து தாளின் மேடுபள்ள உயரம், நீளத்தின் 0.59 அடுக்காக வளரும் என்று கிடைக்கிறது. அடுக்கு ஒன்றைவிடக் குறைவு. பெரிய தாளில் உயரம் அதிகம்தான், ஆனால் நீளத்தோடு ஒப்பிட்டால் அது மேலும் மேலும் தட்டை. இன்னொரு பக்கவிளைவும் உண்டு: பெரிய அளவில் இழுவிறைப்பு குறைகிறது. காரணம், இழுக்கும்போது முதலில் நெளிவுகள்தான் நிமிர்கின்றன. அதே காரணத்தால் ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கமும் விரிகிறது, அதாவது பாய்ஸான் விகிதம் எதிர்க்குறி, அந்தத் தன்னிசைவுக் கணக்கில் மைனஸ் மூன்றில் ஒன்று.

வித்தியாசம் புரிய எதிர்ப்பக்க உதாரணம் ஒன்று: செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வு. அதுவும் மெல்லிய தாள்தான், ஆனால் மூலக்கூறுகள் இடம் மாறி ஓடிக்கொண்டே இருக்கின்றன. நெளிந்தால் இழுபடாது, மூலக்கூறுகள் நகர்ந்து சரிசெய்துகொள்ளும். ஆகவே அங்கே நெளிவு விறைப்பைக் கூட்டுவதில்லை, மாறாகப் பெரிய அளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது. ஒரே தடிமன், ஒரே வெப்பம். ஒன்றில் மணிகள் நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கின்றன, இன்னொன்றில் இல்லை. அந்தக் கட்டுதான் 'பாலிமர்' என்ற சொல்லுக்கு இங்கே பொருள்.

ஆவித் தாளை மறந்துவிடவில்லை. அதற்கு வளைவிறைப்பைத் தனியாகக் கொடுத்துக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கசங்கிய நிலையிலிருந்து தட்டை நிலைக்கு மாறும். இதைக் கசங்கல் நிலைமாற்றம் என்பார்கள், காண்டரும் நெல்சனும் 1987-ல் சிமுலேஷனில் காட்டியது. கோட்பாட்டாளர்களுக்குப் பிடித்த மாற்றம் அது. ஆனால் நிஜ உலகில் ஆவித் தாள் இல்லை. ஊடுருவாமை வந்த உடனே, நம் முப்பரிமாண வெளியில் நடந்த பெரிய சிமுலேஷன்களில் கசங்கிய நிலை காணாமல் போய்விட்டது. மணிகளுக்கு இடையே ஈர்ப்பு சேர்த்தால்தான் தாள் சுருங்குகிறது, அதுவும் அழகாக: 1991-ல் ஆபிரகாமும் கார்டாரும் செய்த சிமுலேஷனில் குளிரவைக்கக் குளிரவைக்கத் தாள் ஒரு முறை மடிந்தது, அப்புறம் இன்னொரு மடிப்பு, கடைசியில் இறுகிய உருண்டை. வேட்டி மடிக்கிற ஒழுங்கில்!

சோதனைப் பக்கம் என்ன நடந்தது என்றும் பார்த்துவிடுவோம். சிவப்பணுவின் உட்புறம் ஸ்பெக்ட்ரின் என்ற புரத இழைகள் ஏறக்குறைய முக்கோண வலையாகப் பின்னியிருக்கின்றன. கொழுப்பைச் சோப்பு மாதிரியான பொருளால் கழுவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது நாம் பேசும் அதே வலை. 1993-ல் எக்ஸ் கதிர்ச் சிதறலும் ஒளிச் சிதறலும் செய்து, அது தட்டைதான், மேடுபள்ள அடுக்கு 0.65 பக்கம் என்று அளந்தார்கள். கிராஃபைட் ஆக்சைடு தாள்களின் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. 1992-ல் வந்த அளவீடு 2.54 என்று பின்னப் பரிமாணம் சொல்லி, கசங்கிய நிலை கிடைத்துவிட்டது என்று எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. 1994-ல் வேறொரு குழு உறைய வைத்து மின்னணு நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்த்தது, தாள்கள் தட்டையாகத்தான் கிடந்தன. சிதறல் வரைபடத்தின் சரிவை மட்டும் வைத்துக்கொண்டு வடிவத்தைப் பற்றிச் சத்தியம் செய்யக் கூடாது என்பதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் உதாரணம் இது.

ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீன் வந்த பிறகு இந்தப் பழைய கணக்குகளுக்கெல்லாம் மறுவாழ்வு. கிராஃபீனின் வளைவிறைப்பு ஏறக்குறைய 1.2 எலக்ட்ரான் வோல்ட், இழுவிறைப்பு மீட்டருக்கு 340 நியூட்டன். இந்த இரண்டையும் வெப்ப ஆற்றலையும் வைத்து, எந்த நீளத்துக்கு மேல் வெப்ப நெளிவுகளின் விளைவு தெரிய ஆரம்பிக்கும் என்று கணக்கிடலாம். அறை வெப்பநிலையில் வருவது இரண்டு மூன்று நானோமீட்டர்தான். பத்து மைக்ரோமீட்டர் நீளமுள்ள துண்டு அதைப்போல சில ஆயிரம் மடங்கு, எனவே ஈட்டா 0.8 என்று எடுத்தால் விறைப்பு சுமார் ஆயிரம் மடங்கு கூட வேண்டும். 2015-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிராஃபீனைக் கிரிகாமி காகித வேலை மாதிரி வெட்டி, நீருக்குள் வைத்து வளைத்துப் பார்த்தார்கள். அணு அளவில் எதிர்பார்ப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு விறைப்பு. வெப்ப நெளிவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, தயாரிக்கும்போதே நிரந்தரமாக விழுந்த சுருக்கங்களும் அதே வேலையைச் செய்யும், இரண்டையும் பிரிப்பது கஷ்டம். இருந்தாலும் ஆயிரம் மடங்கு என்பது ஐந்து பத்து சதவீதத் திருத்தம் இல்லையே.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, எப்படிச் செய்வது. முக்கோண வலை எடுங்கள், வெளி ஓரம் அறுகோணமாக இருக்கட்டும். சாய்சதுரம் எடுத்தால் கூர்மையான இரண்டு மூலைகளும் கொடி மாதிரி ஆடி அளவீட்டைக் கெடுக்கும். பக்கத்துக்கு பத்துக் கட்டு உள்ள அறுகோணத்தில் 331 மணிகள், முப்பதுக்கு 2791, ஐம்பதுக்கு 7651. மணிகளுக்கு இடையே விலக்குவிசை மட்டும் உள்ள குட்டை எல்லை லென்னார்ட் ஜோன்ஸ் (துகள்களுக்கு இடையிலான விசைக்கு வழக்கமான சூத்திரம்), கட்டுக்கு ஃபீனி (ஓர் எல்லைக்கு மேல் நீளாத ஸ்பிரிங்) அல்லது சாதா ஸ்பிரிங், லாஞ்சவின் முறையில் (உராய்வும் தற்செயல் உதைகளும் கொடுத்து) வெப்பநிலை. கட்டின் நீளம் எந்த நேரத்திலும் மணி விட்டத்தின் √3 மடங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முக்கோணத்தின் நடுவே இன்னொரு மணி புகுந்து போய்விடும், உங்கள் தாள் உங்களுக்கே தெரியாமல் ஆவித் தாளாகிவிடும்.

வளைவிறைப்பு சேர்க்க வேண்டுமென்றால், ஒரு பக்கத்தைப் பகிரும் இரண்டு முக்கோணங்களின் செங்குத்துக் கோடுகளுக்கு இடையே உள்ள கோணத்துக்கு ஒரு ஆற்றல். அந்த ஆற்றலின் முன்னால் வரும் எண்ணை √3/2-ஆல் பெருக்கினால் தொடர்த்தாளின் வளைவிறைப்பு. ஸ்பிரிங் மாறிலியை 2/√3-ஆல் பெருக்கினால் இழுவிறைப்பு. லாம்ப்ஸ் என்ற மூலக்கூறு சிமுலேஷன் மென்பொருளில் இதை நாலு மணி டைஹெட்ரலாகவே (நாலு மணிகளுக்கு இடையிலான மடிப்புக் கோணமாகவே) எழுதலாம், பகிரும் பக்கத்தின் இரண்டு மணிகள் நடுவில், எதிர் முனைகள் இரண்டும் ஓரங்களில். இங்கே என் அவமானம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தட்டைத் தாளுக்கு அந்த டைஹெட்ரல் கோணம் 180 பாகை, பூஜ்யம் இல்லை. நான் குறியை மாற்றிப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு முக்கோண ஜோடியும் விரியாமல் மடங்க ஆசைப்பட்டது, தாள் கச்சிதமாகக் கசங்கி உருண்டையானது, வரைபடத்தில் சரிவும் 0.8-ஐ ஒட்டி விழுந்தது. மூன்று நாள் ஊர் உலகத்தில் யாருக்கும் கிடைக்காத கசங்கிய நிலை எனக்குக் கிடைத்துவிட்டது என்று சுற்றிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் ஒரே ஒரு ஜோடி முக்கோணத்தை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தபோது, அது புத்தகம் மூடுவது போல மூடிக்கொண்டது. வழிகாட்டியிடம் சொல்வதற்கு முந்தின நாள், கடவுள் புண்ணியம்.

இதைவிட நுணுக்கமான இன்னொரு குழி உண்டு. லாம்ப்ஸ் தானாகவே எடுத்துக்கொள்ளும் அமைப்பில், கட்டால் இணைந்த அண்டை மணிகளுக்கு மட்டுமின்றி, அண்டைக்கு அண்டை, அதற்கும் அடுத்தது வரை லென்னார்ட் ஜோன்ஸ் விலக்கம் அணைக்கப்பட்டிருக்கும். சாதாரண மூலக்கூறு வேலைக்கு அது சரி. நமக்கு? மேலே சொன்ன என்ட்ரோபி விறைப்பு முழுவதும் அண்டைக்கு அண்டை மணிகள் முட்டிக்கொள்வதில்தானே பிறக்கிறது! அதை அணைத்துவிட்டு, ஏன் என் தாள் தொளதொளவென்று இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். ஃபீனி கட்டுக்குரிய ஸ்பெஷல் பாண்ட்ஸ் கட்டளையை முதல் வேலையாகப் போடுங்கள்.

அப்புறம் பொறுமை. தாளின் மிக நீண்ட நெளிவு அடங்க ஆகும் நேரம், நீரோட்ட விளைவுகளை விட்டுவிட்டால், நீளத்தின் ஏறக்குறைய 3.2 அடுக்காக ஏறுகிறது. பத்து மணி நீளத் தாளுக்கு ஆகிற நேரத்தைப்போல நூறு மணி நீளத் தாளுக்கு சுமார் 1600 மடங்கு, மணிகளின் எண்ணிக்கையும் நூறு மடங்கு என்பது தனி. லாஞ்சவின் இல்லாமல் நீரையும் சேர்த்து எம்பிசிடி (நீரை மோதும் துகள்களாக எடுத்துக்கொள்வது) போன்ற முறையில் ஓட்டினால் அடுக்கு 2.2 ஆகக் குறையும், ஆனால் நீரைச் சுமக்கிற செலவு உங்கள் தலையில். துல்லியமான தட்டை நிலையிலிருந்து ஒரு ஓட்டம், வேண்டுமென்றே கசக்கி வைத்த நிலையிலிருந்து இன்னொரு ஓட்டம் என்று இரண்டும் செய்து, இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். சேரவில்லை என்றால் இன்னும் சமநிலை வரவில்லை, அல்லது கசக்கியபோது ஓரம் எங்காவது முடிச்சு மாதிரி மாட்டிக்கொண்டது.

ஜைரேஷன் ஆரம் (மையத்திலிருந்து மணிகள் சராசரியாக இருக்கும் தூரம்) ஒன்றை மட்டும் வரைந்து திருப்தி அடையாதீர்கள். சின்னத் தாள்களில் அது 0.8-க்கும் 1-க்கும் நடுவே எங்கோ விழுந்து உங்களை ஏமாற்றும். ஜைரேஷன் டென்சரின் மூன்று ஐகன் மதிப்புகளையும் (மூன்று அச்சுகளிலும் தாள் பரவியிருக்கும் தூரத்தின் வர்க்கம்) தனித்தனியாக வரையுங்கள். தட்டை என்றால் பெரிய இரண்டும் நீளத்தின் வர்க்கமாக ஏறும், சிறியது 1.2 அடுக்கு பக்கம் ஏறும். ஓரத்து மணிகள் நடுவில் உள்ளவற்றைவிட அதிகம் ஆடும் என்பதால், நடுப்பகுதியை மட்டும் எடுத்து ஒருமுறை கணக்கிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓடும் திரவத்தில் தாள் எப்படிப் புரளும் என்பது தனிக் கதை. சுருக்கமாக, விறைப்பான தாள் காசு புரள்வது போலப் புரளும், விறைப்பு குறையக் குறைய நடுவில் மடிந்து, பிறகு கசங்கித் திரியும். 2021-ல் சில்மோர், ஸ்ட்ரானோ, ஸ்வான் செய்த சிமுலேஷன் கட்டுரையிலிருந்து ஆரம்பிக்கலாம். அதே ஸ்ட்ரானோவின் எம்ஐடி குழுதான் 2022-ல் மெலமைனையும் ட்ரைமெசாயில் குளோரைடையும் கரைசலிலேயே வினைபுரிய விட்டு, சங்கிலியாகாமல் தட்டாக மட்டும் வளர்கிற பாலிமரைச் செய்தது. அதற்கு முன்பு ஸூரிச்சில் ஷ்லூட்டர் குழு 2012-ல் படிகத்துக்குள் மூலக்கூறுகளை அடுக்கி, ஒளியால் பிணைத்து, பிறகு அடுக்கடுக்காக உரித்தெடுத்தது. ஆக, வெறும் மாதிரியாக இருந்த தாள் பாலிமர் இப்போது குப்பியில் கிடைக்கிறது.

ஆய்வகத்தில் எளிதாகப் பார்க்கவே ஒரு தாள் வேண்டுமென்றால், எனக்குப் பிடித்தது கைனெட்டோபிளாஸ்ட் டிஎன்ஏ. காலா அசார் நோய்க்கிருமியின் தூரத்துச் சொந்தமான கிரிதிடியா என்ற ஒட்டுண்ணியில், ஏறக்குறைய ஐயாயிரம் சிறு டிஎன்ஏ வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு, இடைக்காலப் போர்வீரனின் வளையக் கவசம் மாதிரி ஒரு தாளாக இருக்கின்றன. மணியும் இல்லை, கட்டும் இல்லை, வளையம் வளையத்தை விடாமல் பிடித்திருப்பதே கட்டு. சாயம் ஏற்றினால் ஒளிர்வு நுண்ணோக்கியில் நேரடியாகவே தெரியும். 2020-ல் கிளாட்ஸ், சோ, டாயில் பார்த்தபோது அது கசங்கவில்லை, கிண்ணம் மாதிரி ஒரு பக்கம் குழிந்திருந்தது. அந்தக் குழிவு முக்கோண மணித்தாளில் வராது. வளையங்களை வைத்து நீங்களே ஒரு மாதிரி கட்டினால் வருமா, ஓரத்தில் கோப்பு நெருக்கமாக இருந்தால் மட்டும் வருமா என்று பார்க்க, 331 மணித்தாள் ஓடி முடிந்த மறுநாள் இறங்கலாம்.